குமிழி பார்ப்பவன் மகளுக்கு

என் சாமிக்கு,

நீ நலமா என்று கேட்டு எழுதப் போவதில்லை. கேட்டால் 'நலம்' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பிவிடுவாய், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இங்கே உன் அம்மா நன்றாக இருக்கிறாள். காலையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள், அந்தத் தெம்பிலிருந்தே தெரிந்துகொள். எனக்கு முட்டி வலி. அணையில் படியேறி இறங்கித் தேய்ந்த முட்டி, அதற்கு மருந்து கிடையாது. காகிதமே கிடைக்காத இந்த யுத்த காலத்தில் இத்தனை தாளுக்கு எங்கே போனேன் என்று கேட்காதே, எப்படியோ கிடைத்தது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை முதலில் நீ மட்டும் தனியாக உட்கார்ந்து கடைசிவரை படி. அத்தை கேட்டால், 'முழுசும் படிச்சுட்டுச் சொல்றனுங்க' என்று சொல்லிவிடு. அப்புறம் என்ன செய்வது என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். இப்போதே கடைசித் தாளைப் புரட்டாதே. உன் புத்தி எனக்குத் தெரியாதா?

ஆடிப் பெருக்குக்கு உன் அத்தையும் மாப்பிள்ளையும் இங்கே வந்தார்களே, அன்றைக்கு நடந்ததை அவர்கள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ வராதது உன் அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். வீட்டில் ஆள் வேண்டுமென்று உன்னை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். மேட்டூரில் பெருக்கன்று கூட்டம் எப்படி இருக்குமென்று உனக்குத் தெரியும், கால் வைக்க இடமில்லை. உன் அத்தை முங்கிக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு படித்துறையில் உட்கார்ந்து, உன் அம்மா கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றைத் தின்றுகொண்டிருந்தார். திடீரென்று கையில் எடுத்த உருண்டையை வாயில் போடாமல் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனச்சுக்கப்படாது."

"கேளுங்கம்மா."

"உங்க புள்ளைக்கு எம் பையனப் புடிக்கலீங்களா? புடிக்காமத்தான் கட்டிக் குடுத்துப்போட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை நிறுத்தவில்லை. கொஞ்ச நாளாக மனத்தில் கிடந்தது போலிருக்கிறது, மடை திறந்த மாதிரி வந்துவிட்டது.

"எங்கூட்டுல அவ பேசறதே இல்லீங்கண்ணா. கேட்டா ஆமாங்கறா, இல்லீங்கறா. அதுக்கு மேல ஒரு பேச்சு வாராது. அக்கம்பக்கத்துல பொம்பளைங்க வந்து உக்காந்தா பாதிப் பேச்சுல எந்திரிச்சுக் கொல்லப்பக்கம் பொடக்காளிக்குப் போயர்றா. எம் பையன் என்னத்தையாவது சொல்லிச் சிரிக்க வெச்சா, முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டுத் திரும்பிக்கறா. கொமாரபாளையத்துல இருந்து எங்கண்ணன் காயிதம் போட்டா, எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரியும், அவளத்தான் படிக்கச் சொல்றேன். நாலு வரி படிப்பா. 'மீதி எல்லாம் நல்ல சேதிதானுங்க அத்தை'ன்னு மடிச்சு வெச்சுருவா. எத்தன ராங்கி பாருங்க! படிச்ச புள்ளைங்கற கெருவமுங்களா? எம் பையன் பாவமுங்கண்ணா. புடிக்கலீன்னா வெளிய சொல்லிப்போடச் சொல்லுங்க. தீவாளிக்குக் கூட்டியாரப்ப இங்கயே உட்டுட்டுப் போறோம். ரெண்டு பேரும் எதுக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு வேகணும்?"

இதைச் சொல்லிவிட்டு அவர் அழுதுவிட்டார், கையில் சோற்றுருண்டையோடு. அதனால்தான் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. திமிராகக் கேட்டிருந்தால் நானும் திமிராக ஏதாவது சொல்லியிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியும். அவர் பேசப் பேச எனக்கு உன் மூச்சுதான் கேட்டது, சாமி. ஆமாங்க, இல்லீங்க. பாதிப் பேச்சில் எழுந்து பொடக்காளி. சிரிப்பு வந்தால் முந்தானை. நாலு வரிக்கு மேல் படிக்காதது. இது ராங்கியா? மூச்சு வெளியே போகாத பிள்ளை வேறு எப்படிப் பேசுவாள்? அத்தனை பேர் நிற்கிற படித்துறையில் 'ஐயோ, என் பிள்ளைக்கு இளைப்பு அம்மா' என்று கத்திவிடலாம் போலிருந்தது. உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, நான் எழுதிக் கேக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன் வேறு என்ன சொல்ல முடியும்?

பஸ் ஏற்றிவிடப் போகும்போது மாப்பிள்ளை என்னோடு பின்தங்கி நடந்தார். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற அந்தப் பஸ் கிளம்புவதற்கு எத்தனை நேரமாகும் என்று உனக்குத் தெரியும், அடுப்பைக் கிளறிக் கிளறிப் பஸ்காரன் புகை விட்டுக்கொண்டிருந்தான். அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "மாமா, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?" என்று கேட்டார். பெரிய ஆம்பிள்ளை, தறியில் உட்கார்ந்தால் எழ மாட்டார் என்று ஊரே சொல்கிற மனுஷன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கேட்டார். "இல்லீங்க மாப்ளே, உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அவர் நம்பவில்லை. பெண் பார்க்க வந்த அன்று, காப்பி டம்ளரை வாங்கும்போது மேல்துண்டில் சிந்திவிட்டு, 'சாயம் போகாதுங்க, எங்க ஊட்டுத் துணி' என்று அவர் சொன்னதற்கு நீ குலுங்கிச் சிரித்தாய். அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் 'இவரே போதும்' என்று சொன்னவள் நீ. அந்த மனுஷனுக்குத்தான் இப்போது இந்தச் சந்தேகம்.

சரி, கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். உனக்கு மறந்துபோனதைச் சொல்கிறேன். அம்மாபேட்டையில் நம் வீட்டுத் தறிக்குழிப் பக்கத்தில்தான் உனக்குத் தூளி கட்டியிருந்தது. பஞ்சுத் தூசு பறக்கும், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் நாளில் வீடே ஈரமாகக் கிடக்கும். நடக்கத் தொடங்கியபோதே உனக்கு இளைப்பும் தொடங்கிவிட்டது. ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை, கோழிச்சாறு, மந்திரித்த கயிறு, யார் எதைச் சொன்னாலும் செய்தோம். கடைசியில் ஒரு டாக்டர் உன் சட்டையைத் தூக்கி, நெஞ்சில் விரல் வைத்துத் தட்டிக் காட்டினார். "காத்துப் பத்தலைன்னு நீங்க நெனைக்கறீங்க. இங்க காத்து ரொம்பிக் கிடக்குது. பழசு வெளிய போகலை. பஸ்ஸுல இருக்கறவங்க எறங்காம புதுசா எப்படி ஏறுவாங்க?" என்றார். மூச்சை இழுக்கத்தான் உடம்பு உழைக்க வேண்டுமாம், விடுவதற்கு உழைப்பே வேண்டாமாம், சும்மா இருந்தால் நெஞ்சு தானாக இறங்கிவிடுமாம். இந்தப் பிள்ளைக்கு மட்டும் உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதால், சும்மா போக வேண்டிய மூச்சு போராடிக்கொண்டு போகிறது என்றார். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள், பஞ்சுத் தூசு இல்லாத இடத்தில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

தறியை விட்டுவிட்டு நான் மேட்டூருக்கு வந்தது உனக்காக என்று சொந்தக்காரர்கள் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். பாதிதான் நிஜம். எனக்குத் தறி பிடிக்கவே பிடிக்காது. ஒரே இடத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது, என் அப்பாவிடம் அடி வாங்கியதெல்லாம் அதற்காகத்தான். உன் இளைப்பைக் காரணம் காட்டித் தப்பித்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஆகையால் அப்பா உனக்காகத் தியாகம் செய்தார், நீ அவருக்குக் கடன்பட்டவள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு பல்லைக் கடிக்காதே. அணை எழும்பியது, தண்ணீர் நிரம்பியது. எனக்கு ஒரு வேலை கிடைத்தது. உலகத்தில் யாராவது மகளிடம் 'உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார்?' என்று கேட்டால், 'குமிழி பார்க்கிறார்' என்று சொல்ல முடியுமா? உன்னால் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னாயாம், வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

முத்துக் குளிக்கும் கடற்கரையிலிருந்து வந்த சூசை மாமாவை நீ மறந்திருக்க மாட்டாய். தண்ணீருக்குள் மதகுக் கதவுகளைப் பார்த்துவர அவரைத்தான் இறக்குவார்கள். உடம்பு முழுக்க ரப்பர் சட்டை, தலைக்குப் பித்தளைச் சட்டி, முகத்துக்கு வட்டக் கண்ணாடி. மேலே பரிசல்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையில் இரண்டு பேர் சக்கரம் சுற்றிக் குழாய் வழியாகக் காற்று அனுப்புவார்கள். நான் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அனுப்புகிற காற்றை யாரும் பார்க்க முடியாது. அவர் விட்ட காற்று குமிழி குமிழியாக மேலே வரும். அது வரும்வரைக்கும் ஆள் சௌக்கியம். ஒரு கணம் நின்றால் கயிற்றை இழுத்துவிட வேண்டும். விட்ட மூச்சைப் பார்த்துப் பார்த்தே சம்பளம் வாங்கிய மனுஷன் இந்தச் சீமையில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

உனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளிக்கூடம் விடுமுறை, என்னோடு வந்து கரையில் உட்கார்ந்திருந்தாய். குமிழி நின்றுபோயிற்று. நான் கயிற்றை இழுப்பதற்குள் சூசை மாமாவே மேலே வந்துவிட்டார், வந்த கோலத்தைத்தான் சொல்ல முடியவில்லை! சட்டைக்குள் காற்று நிரம்பி, பரங்கிக்காய் மாதிரி உப்பி, கையும் காலும் விறைத்துக்கொண்டு, மல்லாந்து மிதந்தார். காற்று வெளியே போகிற சின்னக் கதவில் பாசியும் சேறும் அடைத்துக்கொண்டதாம். மேலிருந்து காற்று போய்க்கொண்டே இருக்கிறது, உள்ளே இருப்பது வெளியேறவில்லை. கையை மடக்கக்கூட முடியாமல் கண்ணாடிக்குள் முழித்துக்கொண்டிருந்தார். இழுத்து வந்து முகக் கண்ணாடியைத் திருகியதும் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம், சட்டை தொய்ந்துபோயிற்று. "அண்ணே, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பறந்தே போயிருப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, எனக்கும் இப்படித்தானுங்க இருக்குது. காத்து இல்லாம இல்லீங்க. போக மாட்டேங்குது" என்று சொன்னாய்.

டாக்டர் சொன்னபோது காதில் விழுந்தது, நீ சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை நாளும் உனக்கு இளைப்பு வந்தால், "இழு கண்ணு, நல்லா இழு" என்று முதுகைத் தடவிக்கொண்டு நின்றோமே, அது எத்தனை தப்பான வைத்தியம்! நெஞ்சு முட்ட நிரம்பியவளை இன்னும் நிரப்பச் சொல்லியிருக்கிறோம். அன்றிலிருந்துதான் தண்ணீருக்கடி ஊர்க் கதை தொடங்கியது. உனக்கு உதட்டைக் குவித்து ஊது என்று சொன்னால் பிடிக்காது, அழுவாய். கதை என்றால் ஊதுவாய்.

ஏரியில் தண்ணீர் ஏறும்போது ஓர் ஊர்க்காரர்கள் மட்டும் போக மாட்டோம் என்று சொல்லி, அரிக்கேன் விளக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பெரிய கண்ணாடியைச் செய்து ஊரையே மூடிக்கொண்டார்கள் என்று ஆரம்பித்தேன். தண்ணீர் தலைக்குமேல் நின்றது. உள்ளே ஆடு, மாடு, கல்யாணம், சண்டை எல்லாம் நடந்தது. கரையிலிருந்து ஒரு குழாய் வழியாக யாருக்கும் தெரியாமல் காற்று இறக்கிக்கொண்டார்கள். நீ உடனே கேட்டாய்: "இழுத்த காத்து சரிங்கப்பா. உட்ட காத்து எங்க போகும்?" கதை கட்டுகிறவனுக்கு வருகிற ஆபத்து இதுதான், கேட்கிறவள் கெட்டிக்காரியாக இருந்துவிடுவது. மறுநாள் சூசை மாமாவைக் கேட்டு வந்து, கண்ணாடியின் உச்சியில் ஒரு கதவு வைத்தேன். விடிந்ததும் தமுக்கு அடிப்பார்கள். ஊர் முழுக்க எழுந்து உட்கார்ந்து, உதட்டைக் குவித்து, சூடான பாலை ஊதுவதுபோல மெதுவாக ஊதுவார்கள். கதவு திறக்கும், குமிழி போகும். நீயும் அவர்களோடு சேர்ந்து ஊதுவாய். ஒரு குமிழி கவுண்டர் வீட்டுக்கு, ஒரு குமிழி வண்ணான் வீட்டுக்கு, ஒரு குமிழி நாய்க்கு என்று நாம் ஊதி முடிக்கும்போது உன் தோள் இறங்கியிருக்கும். விடிகாலையில் எத்தனை நாள் அந்த ஊரைக் காப்பாற்றியிருக்கிறோம்! "சந்திரனுக்கு வண்டி உட்டாலும் அதுக்கும் ஒரு கதவு வெக்கோணுமல்லங்கப்பா?" என்று ஒரு நாள் கேட்டாய். வைக்காமல் எப்படிப் போவார்கள்? சந்திரனுக்குப் போகிறவனும் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்.

அந்தக் கதையின் பின்பாதி உனக்கு நினைவிருக்கும். குமிழியைப் பார்த்து மேலே இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், வந்து நம்மை வெளியேற்றிவிடுவார்கள் என்று அந்த ஊருக்குப் பயம் வந்துவிட்டது. இனி யாரும் ஊதக் கூடாது, உச்சிக் கதவைச் சாத்திவிடுங்கள் என்று ஊர்த்தலைவர் உத்தரவு போட்டார். குழாயில் காற்று வந்துகொண்டே இருந்தது. விட்ட மூச்சு உள்ளேயே சேர்ந்தது. ஒரு நாள் ஊரே சூசை மாமா மாதிரி உப்பி, கண்ணாடியோடு பெயர்ந்து, ஆடு மாடு அலற, ஏரியின் நடுவில் வந்து மிதந்தது. எதற்குப் பயந்து கதவைச் சாத்தினார்களோ அதுவே நடந்துபோயிற்று, எல்லோர் கண்ணிலும் பட்டாயிற்று. நீ கைகொட்டிச் சிரிப்பாய். பிறகு, "மேல இருந்தவங்க என்ன சொன்னாங்க?" என்பாய். நான் "நாளைக்கு" என்பேன். எனக்கே தெரியாது, அதனால்தான். ஒவ்வொரு முறையும் நாளைக்கு என்றே ஓட்டினேன், நீ பெரியவளாகிக் கதை கேட்பதையே விட்டுவிட்டாய்.

இந்தக் கதையை ஏன் இழுத்தேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். ராசிபுரத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்துவிட்டு, இளைப்பு என்று நாங்கள் சொன்னதும், "சீக்காளிப் புள்ளைய எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று எழுந்து போனார்கள். கதவுக்குப் பின்னால் நின்று நீ கேட்டுக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் அம்மாபேட்டைச் சம்பந்தம் வந்தபோது, "இந்த ஒரு தடவை சொல்லாதீங்கப்பா" என்று என் கையை எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். நான் சொல்லித்தான் தீர வேண்டுமென்று எவ்வளவோ வாதாடினேன். தறிவீடு, பஞ்சுத் தூசு, மறுபடி அதே இடம், எப்படிச் சமாளிப்பாய் என்று கத்தினேன். "நான் பாத்துக்கறனுங்க" என்றாய். எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்பதைப் பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோதே பார்த்தேன். காப்பி ஊற்றும்போது உன் தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை. குமிழி பார்த்தே கண் பழகிய நான் கவனித்தேன். சத்தியத்தை நினைத்துக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நோயைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாய். சொல்லாததனால்தான் இப்போது திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். அதுவும் உனக்கு இல்லாத ராங்கிக்காக, உனக்கு இல்லாத வெறுப்புக்காக. என் வயிற்றெரிச்சல் அதுதான், சாமி. இருக்கிற குற்றத்துக்குத் தண்டனை வந்தால் சகித்துக்கொள்ளலாம். கொஞ்சம் யோசித்துப் பார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே ஒரு வார்த்தை பேச முடியுமா? முயன்று பார், முடியாது. பேச்செல்லாம் வெளியே விடுகிற மூச்சில்தான் போகிறது. பாட்டும் அப்படித்தான், அடுப்பு ஊதுவதும் அப்படித்தான், 'ஏனுங்க' என்று புருஷனைக் கூப்பிடுவதும் அப்படித்தான். அந்த மூச்சை நீ ஒளித்து வைத்தால், அதோடு சேர்த்து உன் பேச்சையும் சிரிப்பையும் ஒளித்து வைத்தாய் என்று அர்த்தம். அவர்கள் உன்னைப் பார்த்ததே இல்லை. ஒன்றரை வருஷமாக ஆமாங்க இல்லீங்க என்கிற யாரோ ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார்கள். நம் வீட்டில் பேசிப் பேசியே என் காதைப் புண்ணாக்கிய பிள்ளையை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் விட மாட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். என் நினைப்புத் தப்பாகக்கூட இருக்கலாம். தப்பானால் நம் வீடு இருக்கிறது, ஏரிக் காற்று இருக்கிறது, உன் அம்மா இருக்கிறாள், நீ தலைகுனிந்து வர வேண்டியதில்லை. இளைப்பு இருக்கிறது என்று உன் வாயால் சொல்லி, அதற்காக அவர்கள் அனுப்பினால், நிமிர்ந்து வா. ராங்கிக்காரி என்கிற பேரோடு மட்டும் வராதே.

உடம்பைப் பற்றிச் சொல்வதும் இருக்கிறது. நூல் சுற்றும்போது மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள். விறகு புகைந்தால் ஊதிக்கொண்டே நிற்காமல் வெளியே வந்துவிடு. முந்தானையை வாயில் அடைத்து இருமலை அமுக்குகிறாயே, அதை இன்றோடு விடு. அது சூசை மாமாவின் கதவில் பாசி அடைத்த மாதிரி. மூச்சு முட்டினால் யார் எதிரில் இருந்தாலும் சரி, அத்தை இருந்தாலும் சரி, உட்கார்ந்து, கையை முட்டியில் ஊன்றி, உதட்டைக் குவித்து மெதுவாக ஊது. தண்ணீருக்கடி ஊரில் யார் யார் வீட்டுக்குக் குமிழி பாக்கி என்று நினைத்துக்கொண்டு ஊது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இனிக் கடைசி விஷயம். நான் சத்தியத்தை மீற மாட்டேன். அத்தையிடமோ மாப்பிள்ளையிடமோ என் வாயால் சொல்ல மாட்டேன், உன் அம்மாவையும் சொல்ல விடவில்லை. அவள் திட்டுவதெல்லாம் அதற்காகத்தான். ஆனால் உங்கள் வீட்டில் காகிதம் வந்தால் யார் படிப்பது? நீதான். சாயங்காலம் தறி நின்றபிறகு, மாப்பிள்ளையும் இருக்கும்போது, இந்தக் கடிதத்தை எடுத்துவந்து அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படி. முதல் வரியிலிருந்து படி. அத்தையைப் பற்றி நான் எழுதியதில் ஏதாவது குத்தலாகப் பட்டால் அதையும் விடாதே, அவர் பொறுத்துக்கொள்வார். நாலு வரியில் மூச்சு முட்டும். முட்டட்டும், நிறுத்து. எழுந்து பொடக்காளிக்கு ஓடாதே. அவர்கள் கண்முன்னாலேயே ஊது, இருமு, தோள் இறங்கட்டும், அடுத்த வரியைப் படி. எத்தனை நேரமானாலும் ஆகட்டும். மடித்து வைத்துவிட்டு, மீதி எல்லாம் நல்ல சேதிதான் என்று மட்டும் சொல்லாதே. வேண்டாமென்று தோன்றினால் அடுப்பில் போட்டுவிடு. நான் கேட்க மாட்டேன். அது உன் மூச்சு, உன் இஷ்டம். ஆனால் நான் இங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை மறக்காதே.

தண்ணீருக்கடி ஊர் மேலே வந்து மிதந்தபோது மேலே இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, சாமி. அதை இனி நீதான் எனக்கு எழுத வேண்டும்.

சம்பந்தியம்மா, இந்த வரி உங்கள் காதில் விழுகிறது என்றால், என் பிள்ளை இத்தனையையும் தன் மூச்சிலேயே படித்திருக்கிறாள். களைத்துப் போயிருப்பாள். அவளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுங்கள்.